ஸ்னோமொபைல் பெல்ட் ஏன் அறுகிறது? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் ஸ்னோமொபைல் வாங்குகிறவர்கள் எஞ்சின் எத்தனை சிசி, அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் டிராக் எத்தனை அங்குலம், சீட்டில் சூடு வருமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். எஞ்சினின் பலத்தை டிராக்குக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வண்டி காட்டுக்குள் நின்றுபோன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது. ஒன்ராறியோவில் மட்டும் ஏறத்தாழ 30,000 கி.மீ. ஸ்னோமொபைல் பாதை இருக்கிறது. கொக்ரேன், ஹேர்ஸ்ட் பக்கம் போனால் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மணிக்கணக்காக வெறும் ஸ்புரூஸ் காடுதான். மைனஸ் 28இல் அங்கே நின்றுபோவது விளையாட்டுக் காரியமில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், பெல்ட் பெரும்பாலும் தானாக அறுவதில்லை. நாம்தான் அறுக்கிறோம். அறுக்கிற விதங்களும் அதிகமில்லை. கீழே சொல்வது எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொதுவானது. அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெல்ட் செய்கிற வேலை

ஊரில் ஸ்கூட்டியோ ஆக்டிவாவோ ஓட்டியிருந்தால் இந்த அமைப்பு உங்களுக்குத் தெரியும். கியர் மாற்றும் வேலை இல்லை, முறுக்கினால் போகும். ஸ்னோமொபைலிலும் அதே ஏற்பாடுதான். 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் காருக்கே இந்த பெல்ட்டைப் போட்டு அறிமுகப்படுத்தியது.

எஞ்சினின் தண்டில் ஒரு கிளட்ச், அது பிரைமரி. டிராக்கைச் சுழற்றும் பக்கத்தில் இன்னொன்று, அது செகண்டரி. ஒவ்வொன்றும் எதிரெதிராக நிற்கும் இரண்டு சரிவான தட்டுகள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிரைமரியின் தட்டுகள் விலகி நிற்கும், பெல்ட் அவற்றின் நடுவே சும்மா கிடக்கும். த்ராட்டிலை அழுத்தியதும் பிரைமரிக்குள் இருக்கும் எடைகள் வெளியே வீசப்பட்டு, ஒரு தட்டை மற்றதை நோக்கித் தள்ளும். டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 3,500, 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி பெல்ட் பிடிபடும். வேகம் கூடக்கூட பெல்ட் பிரைமரியில் விளிம்பை நோக்கி ஏறும், செகண்டரியில் உள்ளே இறங்கும். அதுவே கியர் மாறுவது.

பெல்ட்டில் இருக்கும் பற்களைப் பார்த்து, அவை எதிலோ கோர்த்துக்கொண்டு ஓடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவை எதிலும் கோர்ப்பதில்லை. வளைந்து கொடுக்கவும் சூடு ஆறவுமே அவை இருக்கின்றன. எஞ்சினின் பலம் முழுவதும் பெல்ட்டின் இரண்டு பக்கச் சரிவுகளும் தட்டுகளும் உரசிப் பிடிக்கிற பிடியில்தான் போகிறது. பிடி வழுக்கினால் சூடு வரும். சூட்டில் ரப்பரின் பக்கங்கள் இறுகிப் பளபளப்பாகும், பளபளத்தால் இன்னும் வழுக்கும், இன்னும் சுடும். ரப்பருக்குள் ஓடுகிற அரமிட் என்ற செயற்கை இழை நூல்கள் எளிதில் அறாதவை. ஆனால் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பர் விட்டுக்கொடுத்தால் நூலின் பலத்தால் பயனில்லை.

ஆகவே இனிச் சொல்வதெல்லாம் ஒரே காரியம்தான்: வழுக்கலைக் குறை, சூட்டைக் குறை.

காலையில் வண்டியை எடுக்கும்போது

பெல்ட்டுகளில் பாதியைக் கொல்வது இந்த முதல் இரண்டு நிமிடம் என்பது என் கணிப்பு.

இரவெல்லாம் கொட்டேஜ் வாசலில் நின்ற வண்டி. முந்தின நாள் ஏரியில் சேற்றுப்பனியில் ஓடியது. டிராக்கின் அடியில் அந்த ஈரம் உறைந்து, வண்டி நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது. ஏறி உட்கார்ந்து த்ராட்டிலை அழுத்துவீர்கள், வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்துவீர்கள். இப்போது பிரைமரி சுழல்கிறது, செகண்டரி நிற்கிறது, பெல்ட்டும் நிற்கிறது. சுழலும் உலோகம் பெல்ட்டின் ஒரே இடத்தை உரசித் தின்கிறது. இரண்டு மூன்று விநாடி போதும். அந்த இடத்தில் பெல்ட் உடுக்கை போல இடை சிறுத்துவிடும். அன்றைக்கே அறாது. அதன் பிறகு புறப்படும்போதெல்லாம் டக், டக் என்று ஒரு அடி தெரியும். ஒரு நாள் அந்த இடத்திலேயே போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஸ்கீ இரண்டையும் பிடித்து இடம் வலமாக ஆட்டி விடுவியுங்கள். பின் பம்பரைப் பிடித்து வாலைத் தூக்கிப் போடுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். பெரிய வண்டியானால் இரண்டு பேர். டிராக் விடுபடும்போது ஒரு சடசடப்புக் கேட்கும். சில்லுகளுக்கிடையில் உறைந்த பனிக்கட்டியைக் காலால் தட்டிவிடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சில நிமிடம் சூடாகட்டும். மெதுவாக அழுத்துங்கள். வண்டி நகரவில்லை என்றால் உடனே விரலை எடுத்துவிட்டு, இறங்கி மறுபடியும் வாலைத் தூக்குங்கள்.

குளிரில் கிடந்த பெல்ட்டும் விறைத்துத்தான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு கி.மீ. மிதமாக ஓடினால் அது இளகிவிடும். ஸ்டாண்டில் வைத்து டிராக்கைச் சுழற்றிச் சூடாக்குகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள். டிராக்கிலிருந்து ஸ்டட் என்ற உலோக முள்ளோ பனிக்கட்டியோ கழன்று பறந்தால் விபரீதம்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் மாலையில் நிறுத்தும் முன் இறுகிய பனியில் கொஞ்சம் ஓட்டி ஈரத்தை உதறுங்கள். டிராக்கின் கீழ் இரண்டு மரப்பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

ஓட்டும்போது

அதிவேகத்தில்தான் பெல்ட் போகும் என்பது பாதி உண்மை. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் கிலோமீற்றர் கணக்கில் த்ராட்டிலை முழுதாக அழுத்திப் பிடித்தால் கிளட்ச் சுடத்தான் செய்யும். இடையிடையே விரலைத் தளர்த்துங்கள். ஆனால் மிக மெதுவாக ஓடுவது அதைவிட மோசமாகவும் இருக்கலாம். பெல்ட் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் அந்த வேகத்தில் நெடுநேரம் ஊர்ந்தால் முழு நேரமும் அரைப்பிடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். வண்டியை ட்ரெய்லரில் ஏற்றும்போது இதைப் பார்க்கலாம். பயத்தில் அங்குலம் அங்குலமாக த்ராட்டிலைத் தட்டித் தட்டி ஏற்றுவார்கள், சரிவின் நடுவில் ரப்பர் மணக்கும். நேராக நிறுத்தி, மேலே ஆட்கள் இல்லையென்று பார்த்து, ஒரே சீராக ஏற்றிவிடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் வின்ச் போட்டு இழுப்பதில் வெட்கமில்லை.

ஆழப் பனியில் புதைந்துவிட்டால் புதியவர்களின் கை தானாக த்ராட்டிலுக்குப் போகும். வேண்டாம். டிராக் இன்னும் ஆழமாகத் தோண்டும், பெல்ட் கருகும். இறங்கி, வண்டியின் முன்னாலும் பக்கத்திலும் பனியை மிதித்து இறுக்கி, டிராக்குக்கு ஒரு தளம் செய்து, ஒருவர் ஸ்கீயைப் பிடித்து இழுக்க மெதுவாக வெளியே எடுங்கள். கூடாரமும் மீன்பிடிச் சாமானும் பின்னால் கட்டி இழுக்கிறவர்கள், வண்டியில் தாழ்ந்த கியர் இருந்தால் அதைப் போடுங்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது.

பெரும்பாலும் மறந்துபோவது காற்றோட்டம். கிளட்ச் இருக்கும் பக்க மூடியில் காற்றுத் துளைகள் இருக்கும். முன்னால் போகிறவர் கிளப்பிய தூள்பனி அவற்றில் அப்பிக்கொண்டால் உள்ளே சூடு வெளியேற வழியில்லை. நிற்கிற இடத்திலெல்லாம் கையுறையால் தட்டிவிடுங்கள். பனி உள்ளே புகுந்து பெல்ட் நனைந்தாலும் வழுக்கும். அப்போது எஞ்சின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. காய்கிற வரைக்கும் நிதானமாகப் போவதே வழி.

கடுமையான ஏற்றமோ நீண்ட ஓட்டமோ முடிந்து உடனே நிறுத்தாமல், கடைசி ஒன்றிரண்டு கி.மீ. மிதமாக ஓடிவந்து நிறுத்துங்கள். சுழலும்போது கிளட்ச் தானே காற்றை வீசி ஆறும். நின்றால் அந்தச் சூடு அப்படியே பெல்ட்டில் இறங்கும்.

கூட்டமாகப் போகும்போது நிறுத்தத்தில் ஒருவர் மூக்கைச் சுளித்து, “அண்ணை, உங்கட வண்டிதான் மணக்குது” என்றால் கோபிக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, டெதரை (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு) கழற்றி, பக்க மூடியைத் திறந்து பாருங்கள். புறங்கையைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனாலே சூட்டின் அளவு தெரியும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் பாதை ஓட்டத்திலேயே தட்டு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது என்றால் எங்கோ வழுக்குகிறது. இரண்டு கிளட்சில் எது அதிகம் சுடுகிறதோ முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

புது பெல்ட் போடும்போது

மொடலைப் பொறுத்து 200 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ போகிற சாமான் இது. நீளம், அகலம், சரிவின் கோணம் எல்லாம் மொடலுக்கு மொடல் மாறும். ஆகவே பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து “இதே மாதிரித்தான் இருக்கு” என்று வாங்காதீர்கள்.

அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய வழவழப்பு புது பெல்ட்டில் ஒட்டியிருக்கலாம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கிளட்ச் தட்டுகளில் பழைய பெல்ட்டின் கறுப்புப் படிவு இருக்கும். அதை நார்ப் பட்டையால் தேய்த்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடைக்க வேண்டும். பிறகு அந்தத் தட்டை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் போதும் வழுக்குவதற்கு.

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைக் காட்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் வண்டியின் இடப்பக்கத்தில் நிற்பவருக்கு நேராகத் தெரியும்படி போடுவது வழக்கம். ஒரு திசையில் ஓடிப் பழகிய பெல்ட்டைக் கழற்றினால் மறுபடியும் அதே திசையில் போடுங்கள்.

போட்டபின் செகண்டரியில் பெல்ட்டின் மேல்முகம் தட்டின் விளிம்போடு சமமாகவோ சற்றே மேலாகவோ நிற்க வேண்டும். கீழே அமிழ்ந்திருந்தால் தொய்வு அதிகம், வண்டி மந்தமாகப் புறப்படும். இறுக்கம் அதிகமானால் த்ராட்டிலைத் தொடாமலே வண்டி ஊரும். திருத்துவதற்கு செகண்டரியில் திருகாணி இருக்கும், சிலவற்றில் மெல்லிய வளையங்களை எடுத்தோ சேர்த்தோ திருத்த வேண்டும்.

முதல் 50 கி.மீ. அளவுக்குப் புது பெல்ட்டை வதைக்காதீர்கள். முழு த்ராட்டில் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்கவும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அந்த நேரத்தில்தான் அதன் பக்கங்கள் உங்கள் தட்டுகளுக்கேற்பப் படியும். கையிருப்பு பெல்ட்டையும் ஒரு நாள் மாட்டி, இப்படிப் பழக்கி, கழற்றி வைத்துக்கொண்டால் பாதை நடுவில் மாற்றும்போது உடனே வழக்கம்போல ஓடலாம்.

அறுந்த பெல்ட் சொல்வது

அறுந்ததைக் குப்பையில் போடும் முன் கையிலெடுத்து ஒரு முறை முழுவதும் சுற்றிப் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும், இந்த முறை இன்னும் சீக்கிரமாக.

ஒரே இடத்தில் இடை சிறுத்திருந்தால் உறைந்த டிராக், அல்லது புதைந்த இடத்தில் பிடித்த த்ராட்டில். பக்கங்கள் இரண்டும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் நீண்டகால வழுக்கல்: எண்ணெய், அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த எடைகள், இவற்றில் ஒன்று. பற்களுக்கிடையில் குறுக்கு வெடிப்புகள் இருந்தால் பெல்ட் கிழடாகிவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, ஓரத்திலிருந்து நூல் பிரிந்து தொங்கினால் அது வேறு கதை. இரண்டு கிளட்சும் ஒரே நேர்கோட்டில் இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் தளர்ந்தால், அழுத்தம் ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் இழுபட்டு இந்த நேர்மை குலையும். நிற்கும்போது அளந்தால் சரியாகத்தான் காட்டும். இதை வீட்டில் தடவிக்கொண்டிருக்காமல், கிளட்ச் வேலை தெரிந்த கராஜில் கொடுப்பது காசுக்கும் லாபம்.

எந்த அடையாளமும் இல்லாமல் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் சூடு. கடல்மட்டத்தை ஒட்டிய ஊருக்கு அமைத்த வண்டியை பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலைகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும். கிளட்சின் எடைகளும் அதற்கேற்ப மாற வேண்டும்.

தேய்மானத்தைப் பார்க்க ஒரு சின்ன வேலை: பிரைமரித் தட்டில் நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நல்ல வேகத்தில் ஒரு சுற்றுப் போய்வந்து பாருங்கள். பெல்ட் உரசிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்குக் கீழே அகலமாகக் கோடு மிஞ்சியிருந்தால் பெல்ட் மேலே ஏறவில்லை. பெரும்பாலும் அகலம் தேய்ந்திருக்கும். கலிப்பரால் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதை நடுவில் அறுந்தால்

பெரிய சத்தம், எஞ்சின் இரைந்து எகிறும், இழுவை போய்விடும். பதறாதீர்கள், பிரேக் வேலை செய்யும். பிரேக் தட்டு பெல்ட்டுக்கு அப்பால் டிராக்கின் பக்கம் இருப்பதால் பெல்ட் இல்லாமலும் அது பிடிக்கும். த்ராட்டிலை விட்டு, வண்டி உருள்கிறபோதே பாதையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். வளைவில் நின்றுவிட்டால் ஒருவரைப் பின்னால் அனுப்பி வருகிறவர்களுக்குக் கை காட்டச் சொல்லுங்கள்.

1. எஞ்சினை நிறுத்தி, சாவியையும் டெதரையும் கழற்றிப் பையில் போடுங்கள். பக்க மூடியைத் திறந்து, கிளட்சின் மேல் இருக்கும் காவல் மூடியையும் எடுங்கள். தட்டுகள் சுடும், ஆறவிடுங்கள்.

2. பழைய பெல்ட்டின் ஒவ்வொரு துண்டையும் பொறுக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். அரமிட் நூல் பிரைமரிக்குப் பின்னால், எஞ்சினை ஒட்டித் தண்டில் சுற்றியிருக்கும். விட்டுவிட்டால் அது உள்ளே வெட்டி எஞ்சினின் ஆயில் சீல் வளையத்தைக் கிழிக்கும். தலைவிளக்கைப் போட்டு, மூக்குக் குறட்டால் இழுத்து எடுங்கள். பக்கத்தில் ஓடும் வயர், ஹோஸ் ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. வண்டியோடு வந்த கருவியை செகண்டரியில் முடுக்கினால் தட்டுகள் விலகும். இந்தக் கருவி இல்லாமல் பாதையில் இறங்காதீர்கள். பெல்ட் இருந்து கருவி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

4. புது பெல்ட்டை முதலில் பிரைமரியில் மாட்டி, பிறகு செகண்டரியின் விளிம்புக்கு மேலாக உருட்டி உள்ளே இறக்குங்கள். திசையைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நூல் உள்ளுக்குள் முறியும்.

5. கருவியைக் கழற்றி, காவல் மூடியைத் திரும்பப் போட்டபின்தான் எஞ்சினைத் தொட வேண்டும். அந்த மூடி அலங்காரத்துக்கு இல்லை. அறுந்த பெல்ட் பறந்தால் உங்கள் இடது காலுக்குத்தான் வரும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை இரைய வைத்துப் பார்ப்பதும் கூடாது, சுமையில்லாத கிளட்ச் உடைந்து சிதறலாம்.

6. மெதுவாகப் புறப்பட்டு, சிறிது தூரம் போனபின் நிறுத்தி ஒருமுறை பாருங்கள்.

இதைப் பாதையில்தான் முதல்முதலாகச் செய்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நவம்பரிலேயே வீட்டு கராஜில், வெறுங்கையாலும் பிறகு கையுறையோடும் செய்து பழகுங்கள். மாற்று பெல்ட் இல்லாமல் இன்னொரு வண்டி இழுத்துக்கொண்டு போவதானால், மிஞ்சியிருக்கும் பெல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

வைத்திருக்கும் விதம்

கையிருப்பு பெல்ட்டை மடித்து முறுக்கிப் பைக்குள் திணிக்காதீர்கள். இறுக மடித்த இடத்தில் உள்நூல் பழுதாகும். பல வண்டிகளில் அதற்கென்றே ஒரு கொளுக்கி இருக்கும். அது இல்லாவிட்டால் புகைபோக்கியின் சூடு படாத இடமாகப் பார்த்து, இயல்பான வளைவோடு வையுங்கள்.

ஏப்ரலில் வண்டியை மூடி வைக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் கோடை முழுக்க ஒரே வளைவில் கிடந்து அந்த வளைவு பதிந்துவிடும், அடியில் ஈரம் தங்கித் தட்டில் துருவும் பிடிக்கும். கழற்றியதை ஒரு ஆணியில் மாட்டி, அதன் மேல் ஒரு ஒட்டுத்தாளில் எந்தத் திசை, எத்தனை கி.மீ. ஓடியது என்று எழுதி ஒட்டுங்கள். வண்டியை விற்கும் நாள் வந்தால், வாங்க வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான். நீங்கள் பழைய வண்டி வாங்கப் போகும்போதும் பெயிண்டை விட்டுவிட்டு, பக்க மூடியைத் திறந்து பெல்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.